முடி வழித்த கிழங்கு

காரவள்ளியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். மலையிலிருந்து வந்த ஒருத்தி ஒரு கூடை முடவாட்டுக்கால் கிழங்கை வியாபாரி முன் இறக்குகிறாள். மூட்டுவலிக்கு இதில் சாறு வைத்துக் குடிப்பார்கள்.

"மேல இருந்த முடியெல்லாம் எங்கம்மா?" என்கிறார் அவர்.

"சுத்தமாக் கொண்டாரச் சொன்னீங்களே, வழிச்சுப்போட்டனுங்க."

"மண்ணைத்தான் தட்டச் சொன்னேன். ஆட்டுக்காலாட்டம் முடி இருந்தாத்தான் சேலத்துல நம்புவாங்க. இதைச் சேம்புன்னு சிரிப்பாங்க."

அவர் போய்விடுகிறார். பாறை பாறையாக ஏறிப் பறித்த கிழங்கு அப்படியே கிடக்கிறது.

"நீங்களாச்சும் நம்புறீங்களா அம்மா?" என்று என்னைக் கேட்கிறாள். ஆமென்று தலையை ஆட்டுகிறேன்.

அவள் டீக்கடை அடுப்பில் இடம் கேட்டு, கிழங்கை மிளகோடு தட்டிக் கொதிக்கவிடுகிறாள். மணம் பிடித்து லாரிக்காரர்கள் தம்ளரோடு சுற்றி நிற்கிறார்கள். சட்டி காலியானதும் டீக்கடைக்காரர் சொல்கிறார்: "நாளைக்கும் வழிச்சே கொண்டா கண்ணு. சாறு வைக்க எனக்கு வேலை மிச்சம்."