குழாய் வழியே இறங்கிய கிருமி

வலையில் சிக்கிய கடல் பாம்பை எடுத்து எறிந்தபோது, விரலில் முள் குத்தியதுபோல்தான் இருந்ததாம் என் கணவர் ஏழுமலைக்கு. மத்தியானம் எங்கள் தீவு ஊரான பசியாவரத்தில் கரையேறியவரால் கண் இமைகளைத் தூக்க முடியவில்லை. "நாக்கு தடிச்சாப்பல கீது" என்றார். படகில் பழவேற்காடு, அங்கிருந்து வாடகைக் காரில் சென்னை. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு அடங்கத் தொடங்கியது. அது எண்பதுகளின் தொடக்கம்.

தொண்டையில் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் (மூச்சை உள்ளே தள்ளும் கருவி) வைத்தார்கள். விஷம் தசைகளைத்தான் கட்டிப்போட்டிருக்கிறது, காது கேட்கும் என்றார் டாக்டரம்மா. தினமும் பத்து நிமிடம் என்னை உள்ளே விடுவார்கள். அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவேன்.

ஐந்தாம் நாள் கால்விரல் அசைந்தது. ஆறாம் நாள் காய்ச்சல். குழாயில் உறிஞ்சிய சளி பச்சையாக இருந்தது. நிமோனியா (நுரையீரலில் கிருமி தொற்றிச் சளி கட்டுவது) என்றார்கள்.

மீன் அரிகிற கையால் தொட்டோமே என்று எனக்கு உறுத்தியது.

"என் கையால வந்துதா டாக்டரம்மா?"

"இல்லம்மா. அவரால இரும முடியல. வாயில இருக்கிற கிருமியே குழாயை ஒட்டிக் கீழ இறங்கிடும். ஆஸ்பத்திரி ஈரத்துல வளர்ற கிருமியும் உண்டு. எதுன்னு தெரிஞ்சாதான் சரியான மருந்து போடலாம்."

கல்ச்சர் (சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வர மூன்று நாள் ஆனது. அதுவரை போட்ட ஊசிக்குக் காய்ச்சல் அசையவில்லை. எனக்குப் பேச்சே வரவில்லை. பாதத்தை மட்டும் பிடித்திருந்தேன்.

சூடோமோனாஸ் (ஈரமான இடங்களில் வாழும் பாக்டீரியா) என்று தெரிந்தது. ஊசியை மாற்றினார்கள். நான்கு நாளில் உடம்பு குளிர்ந்தது. அடுத்த வாரம் குழாயை எடுத்தார்கள்.

கரகரத்த குரலில் அவர் முதலில் கேட்டது இதுதான்: "நடுவுல ஏன்மே பேசல? கோவமா?"

"உன்னாண்ட எனக்கு இன்னா கோவம் மாமா. பயம்" என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிக் கிடந்தால், எந்தக் கிருமி என்று தயங்காமல் கேளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். பயந்து விலகி நிற்காதீர்கள்.

அவருடைய நுரையீரல் முழுதாகத் தேறவில்லை. பேச்சின் நடுவில் நின்று மூச்சு வாங்குவார். முன்பெல்லாம் அவர் சொல்ல வந்ததை நானே முந்திக்கொண்டு முடித்துவிடுவேன். இப்போது காத்திருக்கிறேன். அவர் நிறுத்தும் இடத்தில் என் மூச்சும் நிற்கிறது. அவர் தொடர்ந்த பிறகுதான் எனக்கும் வருகிறது.