டப்பாவின் பின்பக்கம்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னக் காகிதக் கப். அதில் பாதிவரை பழுப்பு நிறப் பானம், மேலே ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து மூக்கருகே கொண்டுபோன ஹவில்தார் சார், குடிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு வாய் குடித்து விழுங்கினார். “சீனித் தண்ணி,” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து இன்றைக்கு அதை நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மேல் அல்ல. அந்தக் கப்பை அவர் கையில் கொடுத்து, அவரை வைத்தே அதை விற்கப் பார்த்தவர்கள்மேல். கொஞ்சம் என்மேலும்.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையில் இருந்தேன். ஹவில்தார் சார் எங்கள் வாசலில் செக்யூரிட்டி. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். கான்சாபுரத்திலிருந்து பஸ் மாறி வந்து போவார். வெளியே போகிறவர்களிடம் பில்லை வாங்கி, பையை ஒரு பார்வை பார்த்து, பில்லில் துளை போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அதனால் ஊரில் எந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது டாக்டர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாக்லேட் பானம் என்றால் மட்டும் அவருக்குத் தனிப் பிடிவாதம். பனிமலையில் காவலுக்கு நின்ற நாட்களில் பிடித்தது அது. அந்த உயரத்தில் பசியே எடுக்காதாம். டின்னில் வரும் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுமாம். பனிக்கட்டியை ஸ்டவ்வில் உருக்கி, பால் பவுடரைக் கரைத்து, ரேஷனில் வரும் சாக்லேட் தூளை அள்ளிப் போட்டுக் காய்ச்சுவார்கள். முதலில் கசப்பு வரும், இனிப்பு அதற்குப் பின்னால்தான் வரும் என்பார். “எங்கூட நின்ன பஞ்சாப்காரன் ரெண்டு நாளா எதையும் வாயில வைக்கல. மூணாம் நாளு இதத்தான் குடிச்சான். குடிச்சிட்டு அழுதான் தாயி,” என்று ஒருமுறை சொன்னார். எதற்கு அழுதான் என்று நான் கேட்டதற்கு, “கேக்கல. அங்க அதெல்லாம் கேக்க மாட்டோம்,” என்றார்.

ஊருக்கு வந்த பிறகு அந்த ருசியைக் கடைகளில் தேடினார். மாதம் ஒரு டப்பாவோ பாக்கெட்டோ வாங்கிப் போவார். மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது எங்களுக்குத் தீர்ப்பு வரும். ஒன்று இருமல் மருந்துபோல மணந்தது. ஒன்றில் சாக்லேட்டைவிட மாவு ருசிதான் தூக்கல், “கஞ்சிய எதுக்கு இம்புட்டு வெலைக்குக் குடிக்கணும்?” என்றார். இன்னொன்று வாயில் பரவாயில்லை, ஆனால் டம்ளரின் அடியில் மணல்போலத் தங்கியது. பத்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்றைத்தான் கொஞ்சம் மதித்தார். “இவன் பொய்யக் கொஞ்சமாச் சொல்றான், வெலையும் கொஞ்சமா வச்சிருக்கான்.” நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்குகிறவனை ஏமாற்றுவது அவருக்கு வேடிக்கையான விஷயமே இல்லை.

அந்த வருடம் மார்கழியில் ஒரு புதுக் கம்பெனி எங்கள் கடைக்குள் ஸ்டால் போட்டது. ஹாட் சாக்லேட் தூள், பளபளக்கும் டப்பா, முந்நூற்றுச் சொச்சம் விலை. பால்கூட வேண்டாம், வெந்நீரில் கலக்கினால் போதும் என்று எழுதியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கென்று அண்டா அண்டாவாகப் பால் கொதிக்கிற ஊர்ப்பக்கத்தில் வந்து, பால் வேண்டாம் என்பதை ஒரு பெருமையாகச் சொல்லி விற்றார்கள். அதைவிடக் கொடுமை அவர்கள் மாட்டிய பேனர். பனிமலையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு ராணுவ வீரர், கையில் ஆவி பறக்கும் கப். ‘வீரர்களின் பலம், இனி உங்கள் வீட்டில்.’

பேனரைப் பார்த்ததும் மேனேஜருக்கு யோசனை வந்துவிட்டது. முதல் கப்பை ஹவில்தார் சாரிடம் நீட்டியவர் அவர்தான். “சார், பழைய யூனிஃபார்ம் இருக்கும்ல? நாளைக்கு அதப் போட்டுட்டு வாங்க. மெடலெல்லாம் குத்திக்கங்க. நீங்க கையில எடுத்துக் குடுத்தா சனம் நம்பும்.”

அப்போதுதான் அவர் அந்த ஒரு வாய் குடித்துவிட்டு, சீனித் தண்ணி என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பினார். பின்பக்கத்தில் எறும்பு வரிசைபோலச் சின்ன எழுத்து. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். “எது கூடுதலா இருக்கோ அதத்தான் மொதல்ல எழுதணும். மொதல்ல சீனி. பொறவு எண்ணெய்ல செஞ்ச க்ரீமர். பொறவு இன்னொரு சீனி, வேற பேருல. நாலாவதாத்தான் சார் கோகோவே வருது.”

“அதெல்லாம் நமக்கு எதுக்கு சார்? யூனிஃபார்ம் போடுவீங்களா, மாட்டீங்களா?”

“மெடல் குளுருல நின்னதுக்குக் குடுத்தது. இதுக்குக் குத்த மாட்டேன்.”

மேனேஜர் டப்பாவை வாங்கி ஸ்டாலில் வைத்துவிட்டுப் போனார். ஆனால் அந்தப் பதிலை அவர் மறக்கப்போவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, சம்பள வாரத்துச் சனிக்கிழமை, ஒரு அக்கா என் கவுன்ட்டருக்கு வந்தார். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்குவதைக்கூட எடுக்க மறந்து வந்திருந்தார். பின்னால் பள்ளிக்கூடத்துச் சீருடையில் அவர் மகள், வெளுத்த உதடுகளோடு. நான் பில் போட்டு முடிக்கிற நேரத்தில் அந்த அக்கா ஸ்டாலைத் திரும்பிப் பார்த்தார். சாம்பிள் கொடுக்கிற பெண் இதில் இரும்புச் சத்து இருக்கிறது, இரத்தம் ஊறும் என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்கு இரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அக்கா ஒரு டப்பாவை எடுத்து வந்து வைத்துவிட்டு, கையிலிருந்த பணத்தைப் பார்த்தார். பிறகு கூடைக்குள் கைவிட்டு முட்டை அட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்தார். நிலக்கடலையையும் எடுத்து வைத்தார்.

“இந்த மூணையும் கழிச்சிரும்மா,” என்றார்.

கழித்தேன். மூன்று பொருளையும் பில்லிலிருந்து நீக்கியது என் விரல்தான். ஹவில்தார் சார் டப்பாவைத் திருப்பிப் படித்தபோது நான் அங்கேதான் இருந்தேன். எல்லாம் கேட்டிருந்தேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், மேனேஜர் ஸ்டாலுக்குப் பக்கத்தில் நின்றார். “அடுத்த ஆள் வாங்க,” என்றேன்.

வாசலில் ஹவில்தார் சார் பில்லை வாங்கினார். பையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்த அக்கா டப்பாவைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்ததைப் பார்த்தேன். எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல அந்த அக்காவின் உதடு அசைந்தது. பிறகு நேராக என் கவுன்ட்டருக்குத் திரும்பி வந்தார்.

“இது வேண்டாம். முட்டையையும் மத்ததையும் குடு.”

மேனேஜர் வந்துவிட்டார். ஸ்டால் சரக்கைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். அந்த அக்கா நகரவில்லை. வரிசை நீண்டது. “யாரு உங்களக் கொழப்பிவிட்டது?” என்று கேட்ட மேனேஜர், பதிலுக்குக் காத்திராமல் என்னைப் பார்த்தார். “செக்யூரிட்டி ஏதாவது சொன்னாரா? நீ பாத்தியா?”

நான் பார்த்தேன் என்றேன். அவர்தான் நிறுத்தி ஏதோ சொன்னார் என்றேன். கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில்தான். இத்தனை வருடம் அந்தச் சமாதானத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அக்காவுக்குக் கோபம் வந்ததே பார்க்க வேண்டும். “அவிய ‘பின்னால என்ன எழுதிருக்குன்னு பாரும்மா’ன்னுதான் சொன்னாவ. வாசிச்சது நான். எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கேன், இங்கிலீசு எழுத்தக் கூட்டி வாசிப்பேன். சுகர்னு மொதல்ல போட்டிருக்கு. எம் பிள்ளைக்கு ரத்தம் கம்மின்னு வந்தேன், சீனி கம்மின்னா வந்தேன்? இம்புட்டு வெல குடுத்து சீனி வாங்கவா நான் பொழுதன்னைக்கும் மிசினு மிதிக்கேன்?”

வரிசையில் நின்றவர்கள் தங்கள் கையிலிருந்த டப்பாக்களைத் திருப்பத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜர் டப்பாவை வாங்கிக்கொண்டார். அன்று மாலையே ஹவில்தார் சாரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சண்டை போடவில்லை. விசிலையும் துளை போடும் கருவியையும் மேசையில் வைத்தார். பிறகு ஒரு வாடிக்கையாளர்போல என் வரிசையில் வந்து நின்று அந்த டப்பாவில் ஒன்றை வாங்கினார். நான் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் கூட்டம். டீ மாஸ்டர் தனியாகப் பால் காய்ச்சிக் கொடுக்க, ஹவில்தார் சார் நான்கு சில்வர் டம்ளர்களில் நான்கு விதமாகக் கலக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கடை டப்பா, மாவு ருசிக்காரன், பத்து ரூபாய்ப் பாக்கெட், பேக்கரியில் வாங்கிய இனிப்பில்லாத கோகோ தூள். எது எந்த டம்ளர் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆட்டோ டிரைவர்கள், மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வாய் ருசித்தார்கள். டீ குடிக்கப் போன நானும் ஓரமாக நின்றேன். சாம்பிள் கொடுக்கிற பெண்ணும் வந்திருந்தாள்.

கதை என்றால் அந்த டப்பா தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. முக்கால்வாசிப் பேர் அதைத்தான் கை காட்டினார்கள். கோகோவைக் குடித்த ஒரு டிரைவர், “என்ன சார், வேப்பெண்ணெயா?” என்று துப்பினார். எல்லோரும் சிரித்தார்கள். ஹவில்தார் சாரின் முகம் இறுகிவிட்டது. போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் டீ மாஸ்டரிடம், “சீனி டப்பாவக் குடுங்க,” என்றார். கோகோ கலந்த பாலில் மூன்று கரண்டி சீனியைப் போட்டு ஆற்றி, அதே டிரைவரிடம் நீட்டினார். “இப்ப?”

டிரைவர் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். “இதான் சார். முன்ன குடிச்சதவிட நல்லா இருக்கு. எந்தக் கம்பெனி?”

“மாஸ்டர் கடைச் சீனி. அவன் டப்பாவுல ஒரு கப்புக்கு விழுற காசுக்கு இது நாலு கப் வரும், பாலோட சேத்து. சீனி வேணும்னா சீனின்னு சொல்லி வாங்குங்கய்யா. அதுக்கு எதுக்கு மெலிட்டரிக்காரன் படம்?” அப்போதுதான் அவர் குரல் நடுங்கி நான் முதல்முறை கேட்டேன்.

சாம்பிள் பெண் கடைசி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் அங்க போயி இதச் சொன்னா எனக்கு இன்னைக்குச் சம்பளம் கிடையாது சார்,” என்றாள்.

“நீ ஒண்ணும் சொல்லாண்டாம் தாயி. ஆறுறதுக்குள்ள குடி.”

அதற்குப் பிறகு அவர் ராஜபாளையம் பக்கம் வேலைக்கு வரவில்லை. போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகக் கான்சாபுரம் போனபோது விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உடம்பு வற்றியிருந்தது, நடை மட்டும் பழைய நடை. இத்தனை வருடம் மனதில் கிடந்ததைச் சொன்னேன். “அன்னைக்கு மேனேஜர்ட்ட நாந்தான் சார் உங்களக் காட்டிக் குடுத்தேன்.”

“அது கெடக்கட்டும். கேட்டான், சொன்ன. நடந்ததத்தான சொன்ன?” என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கோபம் ஏறுவது தெரிந்தது. “அந்தப் பொம்பள முட்டைய எடுத்து வெளிய வச்சாள்ல? அப்ப ஒன் முன்னாலதான நின்னா? எங்கிட்ட வாறதுக்கு முன்னாலயே நீ பாத்துட்ட. அப்ப என்னத்த வாயில வச்சிருந்த?”

காப்பி வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஏறும்வரை அவர்மேல் ஆத்திரமாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கும்போது அது அவர்மேல் இல்லை.

இப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு கடையில் மேனேஜர். அன்றைக்கு ஒரு டப்பாவாக இருந்தது இன்று ஒரு அலமாரி முழுக்க நிற்கிறது. டார்க் என்கிறார்கள், பிரீமியம் என்கிறார்கள், ஒரு கப்புக்கு ஒரு பாக்கெட் என்று சின்னதாக்கி விலையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். இரண்டொன்றில் கோகோ உண்மையாகவே முன்னால் நிற்கிறது. மற்றவற்றில் இன்றைக்கும் சீனிதான் முதல் வரி. போன மாதம் அப்படி ஒரு கம்பெனி, வளரும் பிள்ளைகளுக்கான சக்தி என்று பேனரோடு வந்தது. வேண்டாம் என்றேன். முதலாளி போடச் சொல்லிவிட்டார். ஸ்டால் இரண்டு நாள் நின்றது. இரண்டு நாளும் நான் அதன் பக்கத்திலேயே நின்றேன், மேனேஜர் பேட்ஜைக் குத்திக்கொண்டு. யார் டப்பாவைக் கையில் எடுத்தாலும், பின்பக்கத்தில் எழுதியிருந்ததை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை தமிழில் சத்தமாகச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. சிலர் வாங்கினார்கள். பலர் வைத்துவிட்டுப் போனார்கள்.

கம்பெனி புகார் செய்ததாக முதலாளி என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார். ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன், இன்னொரு பக்கம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் ஒரே வரியில் கொடுத்தேன்: ‘அவர்கள் அச்சடித்ததைத்தான் வாசித்தேன்.’

இன்னும் பதில் வரவில்லை. நாளைக் காலை வழக்கம்போலக் கடையை நான்தான் திறக்கிறேன்.