கதிருக்குக் கொடுத்த ஏ.சி. அறை

திருச்செங்கோட்டுக்குப் போகும் சாலையில், ஒரு பொறியியல் கல்லூரிக்குள் இருக்கிறது ரஞ்சிதாவின் இன்குபேஷன் சென்டர். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடமும் கருவிகளும் கொடுத்து, சொந்தக் காலில் நிற்கும்வரை பார்த்துக்கொள்ளும் இடம். அதன் மேலாளர் கோட்டு போட்டு ஆங்கிலத்தில் பொளந்து கட்டுவார் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ரஞ்சிதா பத்து வருஷம் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையை மேற்பார்வை பார்த்தவர். குழாய் ஒழுகினால் ஸ்பேனரோடு அவரே போய் உட்கார்ந்துவிடுவார். யார் மத்தியானம் சாப்பிடவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அவரிடம் ஒரே குறை, பிடித்த பிள்ளைகளைத் தாங்கு தாங்கென்று தாங்குவார்.

அப்படித் தாங்கியவர்களில் முதல் ஆள் கதிர். வெண்ணந்தூரில் தறி ஓட்டும் குடும்பத்துப் பையன். விசைத்தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்தாலும் தறியைத் தானாக நிறுத்திவிடும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். சென்டரிலேயே நல்ல ஏ.சி. அறையை அவனுக்கு ஒதுக்கினார் ரஞ்சிதா. யார் யாரையோ பிடித்துப் பழைய தறி ஒன்றையும் அங்கே கொண்டுவந்து இறக்கினார். அந்த அறையில் முந்நூறு தடவை இழையை அறுத்துப் பார்த்தார்கள். முந்நூறு தடவையும் தறி நின்றது. தன் வயிற்றுப் பிள்ளை ரேங்க் வாங்கியது போல, வருகிற விருந்தினருக்கெல்லாம் அதைக் காட்டிப் பூரித்துப்போனார்.

ஆனால் சென்டரின் விதி கறாரானது. அங்கே செய்கிற பொருளை ஒன்றரை வருஷத்துக்குள் வெளியார் ஒருவராவது தன் தொழிலில் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் சென்டரின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கதிருக்கு மிச்சம் இருந்தது ஒன்பது நாள். பெட்டியோ நாச்சிமுத்து என்பவரின் தறிப்பட்டறையில் ஒரு மாதமாகச் சோதனைக்கு மாட்டியிருந்தது, அங்கிருந்து நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை. ரஞ்சிதா நேரிலேயே போனார்.

பெட்டியின் சுவிட்ச் அணைந்திருந்தது. "நல்லாத்தானுங்க இருக்குது" என்று மழுப்பினார் நாச்சிமுத்து. ரஞ்சிதா அவரை விட்டுவிட்டுத் தறி ஓட்டும் பொன்னாயியிடம் போனார். தறிச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க, இத ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. இழை அறுந்து போகாமயே தறி நின்னுபோகுதுங்க. நாலு தறி பாக்கறேன். இது பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தா மத்ததை ஆருங்க பாக்கறது?"

இழையைக் கவனிக்கும் பெட்டியின் கண்ணாடியை ரஞ்சிதா விரலால் தடவினார். விரல் முழுக்கப் பஞ்சு. பட்டறையில் பறக்கும் பஞ்சு அதன் கண்ணை மறைத்திருந்தது, பெட்டி அதை அறுந்த இழை என்று எடுத்துக்கொண்டு தறியை நிறுத்திக்கொண்டிருந்தது. பஞ்சுக்குள்ளேயே வளர்ந்த பையன் பஞ்சை மறந்துவிட்டான். மறக்கிற அளவுக்குச் சுத்தமான அறையைக் கொடுத்தது யார்? திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

ஒன்பதாம் நாள், யார் பெயரை எடுப்பது என்று முடிவு செய்யும் சென்டரின் குழு கூடியது. தலைவர் கலையரசன் வாயைத் திறக்குமுன் ரஞ்சிதா எழுந்துவிட்டார்.

"கதிரை ரூமைக் காலி பண்ணச் சொல்லிடலாமுங்க."

கதிர் அவரை நம்ப முடியாமல் பார்த்தான்.

"ஆனா பேரை எடுக்காதீங்க. பஞ்சில்லாத ரூமைக் குடுத்தது நான் பண்ணுன தப்புங்க. ஆறு மாசம் பட்டறையிலயே உக்காந்து செய்யட்டும். அதுலயும் ஆகலீன்னா நானே பேரை அடிச்சிடறனுங்க."

குழு முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டது. கதிர் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளாமல் போனான். தறியை ஏற்றிய வண்டி கிளம்பியதும் ரஞ்சிதா காலி அறையில் கொஞ்ச நேரம் நின்றார். வருத்தமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். பையனைத் தெருவில் விட்டுவிட்டோமோ என்று பல நாள் உறுத்தியது. கேட்டால் தாங்கத் தோன்றிவிடும் என்று போன் செய்வதையும் நிறுத்திக்கொண்டார்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில், ஏதோ கூட்டத்துக்கு நடுவில், பொன்னாயி போனில் கூப்பிட்டாள்.

"அம்மிணி, கதிர் தம்பி பொட்டியக் கழட்டிக்கிட்டுப் போயி ரெண்டு நாளாச்சுங்க. என்னமோ மாத்தறேன்னாரு, ஆளையே காணோம். அதில்லாம எனக்குக் கையொடிஞ்ச மாதிரி இருக்குதுங்க. வெரசாக் கொண்டாரச் சொல்லுங்க, இல்லீன்னா நானே அங்க வாரேன்."

"சொல்றனுங்க" என்று போனை வைத்தார் ரஞ்சிதா. வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரைக் கூப்பிட்டார். அவன் "மேடம்" என்று தயங்கியதுமே ஒரு பிடி பிடித்தார்.

"அங்க பொன்னாயி தறியோட தவிச்சுக்கிட்டு இருக்காங்க. நீ என்ன சாமி பண்ணிக்கிட்டு இருக்கற?"