எந்தக் கம்பெனியும் இல்லாதவள்

நாகப்பட்டினத்தில் புதுமுகத்தைக் கண்டால் "யார் வீட்டுப் பொண்ணு?" என்பார்கள். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபின் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஒருவரிடம் கன்னடம், அடுத்தவரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசும் டீக்கடை அண்ணன் மூன்று பாஷையிலும் ஒன்றைத்தான் கேட்பார்: "எந்தக் கம்பெனி?" எந்தக் கம்பெனியும் இல்லை என்றால் இங்கே நம்பமாட்டார்கள். எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு ஆஸ்பத்திரியிலும் ஸ்டேஷனிலும் துணைக்கு நிற்கும் தன்னார்வலர் நான். சம்பளம் கிடையாது. சந்தேகப்பட அது ஒன்றே போதும். "சும்மா எவளாச்சும் வருவாளா?" என்று என் காதுபடவே பேசுவார்கள்.

ஒரு நாள் காலை அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மையான ஊரை உங்களிடமும் சொல்லமாட்டேன். கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை செய்பவள். சூப்பர்வைசர் மேல் புகார். பக்கத்தில் ஹாஸ்டல் வார்டன், மடியில் கம்பெனி கொடுத்தனுப்பிய ஆப்பிள் பழப் பை. நான் குனிந்து, "பயப்படாத கண்ணு" என்றேன். இந்தப் பக்கத்துக் கொஞ்சல் அது. இவர்களில் ஒருத்தியாகத் தெரியவேண்டுமென்று ஆசையாகப் பழகிக்கொண்டிருந்தேன். அவள் வெடுக்கென்று விலகினாள். என் கையிலிருந்த புதுச் சுடிதாரைப் பார்த்ததும் முகம் இன்னும் இறுகிவிட்டது.

"இதுவும் கம்பெனி குடுத்ததா? எந்தக் கம்பெனி நீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. வார்டன் டீ குடிக்க எழுந்துபோன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "அந்தம்மாவும் கண்ணு கண்ணுன்னுதான் சொன்னாங்க. குளிச்சிடு கண்ணு, துணியக் குடு, நானே தொவச்சுப் போடறேன்னாங்க. நான் குடுக்கல." உடுத்தியிருந்ததை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கையில் மிஞ்சியிருந்த சாட்சி அது ஒன்றுதான்.

என்னை நம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். வார்டனும் அதைத்தானே சொல்லியிருப்பாள்! என் ஊர்ப் பேச்சே வாயில் வந்துவிட்டது.

"என்னையும் நம்பாத தங்கச்சி. துணிய டாக்டரம்மா கையில நீயே குடு. கவர்ல போட்டு சீல் வைக்கிற வரைக்கும் கண்ண எடுக்காத. இது நீ மாத்திக்கிறதுக்கு, நான் வாங்குனது."

சுடிதாரை வாங்கி உதறினாள். மடிப்புக்குள் கைவிட்டுத் துழாவினாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் வந்து, கூட ஒருவர்தான் வரலாம் என்றார். அதற்குள் வார்டன் ஓடிவந்து, "நாங்கதான் சிஸ்டர் அவளுக்குப் பொறுப்பு" என்று முன்னால் நின்றாள். நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தக் கம்பெனி?"

நான் வாய் திறக்குமுன் அந்தப் பெண் எழுந்தாள். "அவங்க எந்தக் கம்பெனியும் இல்ல சிஸ்டர். என்கூட வந்தவங்க."

வார்டன் வெளியே நின்றாள். உள்ளே, சீல் வைத்து முடிக்கும்வரை அவள் அந்தக் கவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, என்னை விட்டும்தான்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். ஒரு பொண்ணுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் என்றேன்.

"யாரு ஊட்டுப் பொண்ணுடி?"

"என்கூட வந்தவம்மா."

அம்மா நம்பவில்லை. எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.