அவருக்காக இளைத்த உடம்பு

என் கணவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த அன்றே, என்னுடையதில் ஒன்றைக் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். ரத்தமும் பொருந்தியது. நடராஜா, உன் புண்ணியம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோதே டாக்டர் என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார்.

"இந்த எடையில உங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாதும்மா. பதினஞ்சு கிலோவாவது கொறைச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் அவருக்கு டயாலிசிஸ் ஓடட்டும்."

வெளியே வந்து நான் அழ, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் சிரித்தார்.

"உன் கிட்னிய எனக்கு வெச்சா, நானும் உன்ன மாதிரி கோயிலு கோயிலா சுத்திக்கினு கெடப்பனா?"

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவர் அவர். கெட்டதைக் கழற்றி நல்லதை மாட்டினால் எதுவும் ஓடும் என்று நம்புகிறவர்.

எட்டாவது வரை படித்த எனக்கு உடம்பைக் குறைக்கிற வழியெல்லாம் தெரியாது. துணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி எங்கள் தெருவில் தையல் மெஷின் போட்டிருப்பவள். லால்பேட்டையிலிருந்து வாழ வந்தவள், எனக்குத் தங்கை மாதிரி. இன்னொருவர் காலையில் கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா. கடலோரத்துக் குப்பத்துக்காரர். மீன் விற்றுத் தீர்ந்த பிறகும் ஊருக்குப் போகாமல், எனக்காகவே சாயங்காலம் வரை இருந்து மைதானத்துக்கு வருவார். காலையெல்லாம் நடந்த கால் வீங்கியிருக்கும். அப்படியும் வருவார்.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தை மூன்று பேரும் சுற்றுவோம். பஜ்ஜி வண்டி கிட்டே வந்ததும் அக்கா என் கையைக் கிள்ளுவார்.

"மூக்க அந்தப் பக்கம் திருப்புடி. அது பஜ்ஜி இல்ல, உம் புருசன் உசுரு."

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். அப்பத்தான் புத்தியில நிக்கும்."

தையல்காரத் தங்கை வெள்ளிக்கிழமையானால் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வருவாள். "மூச்ச இழுத்துப் புடிக்காதக்கா, டேப்ப ஏமாத்தலாம், டாக்டர ஏமாத்த முடியாது" என்பாள். நான் இளைக்க இளைக்க என் ரவிக்கைகளை அவளே பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

முதலில் கொஞ்சம் இறங்கியது. பிறகு எடை அசையவேயில்லை. ஒரு வாரம் ஏறக்கூடச் செய்தது. நான் என்ன குறை வைத்தேன்? நடந்தேன். அது போதாதென்று அவர் உயிருக்காக விரதமும் இருந்தேன். சோமவாரம், வெள்ளி, கிருத்திகை. பிரதோஷத்துக்குப் பல்லில் தண்ணீர் படாமல் சிதம்பரம் போய்வந்தேன்.

ஒரு பிரதோஷத்துக்குத் தையல்காரத் தங்கையும் கூட வந்தாள். லைனிங் துணி வாங்க வேண்டியிருந்தது. நான் தரிசனம் முடித்து வரும்வரை கீழவீதியில் காத்திருந்தாள். பிறகு ஓட்டலில் எதிரே உட்கார்ந்து டீ குடித்தபடி, நான் விரதம் விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரசாதமாகக் கிடைத்த சர்க்கரைப் பொங்கல். அதற்கு மேல் இட்லி, கொத்சு. பிறகு ஒரு நெய் ரோஸ்ட். விரதம் விட்டால் வயிறாரச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பலன் இல்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். சாதம்தான் கூடாது, பிரசாதமும் பலகாரமும் சாப்பிடலாம்.

"எல்லா வெரதத்துக்கும் இப்புடித்தானாக்கா?"

"ஆமா. ஏன்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதக்கா. நாங்களுந்தான் நோன்பு இருக்கோம். தொறக்கும்போதுதான் ஜாஸ்தி உள்ள போவும். ரமலான் முடிஞ்சா நான் தச்ச பிளவுசு எனக்கே பத்தாது."

மிச்சத் தோசையை அப்படியே தள்ளி வைத்தேன். அவர் பிழைக்க வேண்டும் என்று நான் எடுத்த விரதமே அவருடைய ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டு போகிறதா? அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி கோயிலுக்குள் போனேன். கூட்டம் குறைந்திருந்தது. "சாமி, இனிமே உனக்கு விரதம் இருக்க மாட்டேன். அவரு உடம்பு தேறினதும் சேத்து வெச்சி இருந்துடுறேன். கோவிச்சுக்காதப்பா" என்று வாய்விட்டே சொன்னேன். கல்யாணமானதிலிருந்து விடாத சோமவாரத்தை விடும்போது ஒரு பிள்ளையைத் தனியே விட்டு வந்தது போல இருந்தது.

அதன் பிறகு மளமளவென்று இறங்கியது. அவருக்குத்தான் பொறுக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து களைத்துப் படுத்திருப்பார். என் கையைப் பிடித்துப் பார்த்து, "வளையலு முழங்கை வரைக்கும் ஏறுதே. உன்ன ஒண்ணுமில்லாம ஆக்கிட்டனே" என்பார்.

டாக்டர் கேட்ட எடை வந்த அன்று, மைதானத்தில் மீன்கார அக்கா என்னைத் தூக்கிவிடப் பார்த்தார். "தே பாருடி, இப்ப இவள மீன்கூடையிலயே வெச்சித் தூக்கிடலாம்!" என்று ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள்.

அந்தத் தேதிக்கு முன்னால் அவருக்குக் குளிர்ஜுரம் வந்தது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். "பயப்படாத, தேதி நெருங்கிடுச்சி இல்ல" என்று எனக்கே தைரியம் சொன்னார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

கொடுப்பதற்காக வைத்திருந்தது இன்னும் என்னிடமே இருக்கிறது. விளக்கு ஏற்றுகிறேன், கும்பிடுகிறேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அவரை எடுத்துக்கொண்டு போன அன்று அடுப்பு எரியாத வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். தையல்காரத் தங்கை சோறும் ரசமும் ஆக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். மீன்கார அக்கா அன்று கடலூருக்கு வந்தும் விற்கக் கூடையை இறக்கவில்லையாம். கையைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றைப் பிசைந்து உருட்டினார். அதுவரை இரண்டு பேரும் என் முன்னால் அழவில்லை.

"வாயத் தொறடி."

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். யோசித்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது.

"வேணாங்க்கா. எடை ஏறிடும்."

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அக்காவின் கை அந்தரத்திலேயே நின்றது. கண்ணீர் பொலபொலவென்று சோற்றிலேயே விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏறட்டும்டி," என்றார். "இனிமே ஏறட்டும்."

வாயைத் திறந்தேன்.