எவின்ஸ் பண்ணாத மாமா

“…அதுதான் சொல்லுறன், நீர் வரவேண்டாம். உம்மடை முகம் எல்லாத்தையும் எவின்ஸ் பண்ணிப்போடும்” என்று சட்டைப் பொத்தானைப் போட்டபடி மாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் மாமா.

அன்று காலை வெள்ளவத்தையில் ரியூசனுக்குப் போன அவர்களுடைய மகனை, என் மச்சானை, பொலிஸ்காரர் காலி வீதியில் மறித்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். யுத்த காலத்தில் அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை.

மாமா, கோடுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கர். கோபமோ கவலையோ, மனிதர் அதை வெளியில் காட்டினால் இங்கிலிஷ் கோட்டுக் கடுதாசியில் அதற்குப் பெயர் எவின்ஸ். அந்தச் சொல்லை அவர் வீட்டுக்கும் கூட்டிவந்து குடிவைத்துவிட்டார். புட்டைக் கண்டு நான் முகம் சுளித்தால், வெறுப்பை எவின்ஸ் பண்ணுகிறாள் என்பார். நீதவான் மனதுக்குள்ளா பார்க்கிறார், முகத்தைத்தானே பார்க்கிறார் என்பது அவருடைய கட்சி.

தனியாகவா போகப்போகிறீர்கள் என்று மாமி கேட்டா. மாமா என்னைக் காட்டினார்.

“இவளின்ரை முகத்திலை பசியைத் தவிர வேறை ஒண்டும் தெரியாது.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்தார். எதிர்ப்பட்டவர்களோடு மழையைப் பற்றிக் கதைத்தார். ஓடிவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, விரல்கள் நோகும்படி பிடித்திருந்தார்.

அங்கே சிங்களத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், கரண்ட் பில் கட்ட வந்தவர் போல மாமா பதில் சொன்னார். அதிகாரிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. மகனைப் பிடித்து வைத்திருக்கிறோம், உனக்குக் கவலையே இல்லையா என்று கேட்டார். நீங்கள் நியாயமாக விசாரிப்பீர்கள், சேர், என்றார் மாமா. வென்றுவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

பின்னேரம் மச்சானைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உதடு வீங்கியிருந்தது. காலில் செருப்பில்லை. மாமா ஒரேயொரு தடவை பார்த்தார்.

கையெழுத்து வைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் அதிகாரி. மாமாவின் கையெழுத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழியில் தொடங்கி, கீழே இரண்டு கோட்டில் வந்து முடியும். மாமாவின் மதிப்பு இவருக்கு இப்போது தெரியட்டும் என்று நான் எட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் என் கையை விட்டார். பேனையை எடுத்தார். அதன் நுனி தாளில் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தட்டியது. எழுத்து வரவில்லை. பேனையைக் கீழே வைத்தார்.

“எனக்கு எழுதத் தெரியாது, சேர்” என்றார் சிங்களத்தில்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு படித்த மனிதர் ஏன் இப்படித் தன்னைத் தாழ்த்த வேண்டும் என்று கோபமும் வந்தது. அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மைப்பெட்டியைத் தள்ளினார். மாமா தன் இடது பெருவிரலை வலக்கையால் இறுகப் பிடித்து, மையில் அழுத்தினார்.