இரண்டடித் தொட்டிக்கு மூன்றடி லைட்

நவராத்திரி ஐந்தாம் நாள் காலை எட்டரை மணிக்கு வத்சலா மேடம் போன் செய்தார். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் எனக்கு மீன் தொட்டிக் கடை. அப்போதுதான் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன்.

“முரளி, மஷ்ரூம் ஒண்ணு கரைஞ்சு போயிருக்கு. இன்னொண்ணு வெள்ளையா இருக்கு. லெதர் தலையத் தொங்கப் போட்டிருக்கு. அவருக்கு இன்னும் தெரியாது. குளிச்சிட்டு இருக்கார்.”

தூக்கின பாதியை இறக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மஷ்ரூம், லெதர் என்றால் காளானும் தோலும் இல்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வளர்க்கிற மென்பவளங்களுக்குத் தொழிலில் வைத்த பெயர். கல்லாக வளர்கிற பவளங்களை விற்பது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கம் நான் போவதில்லை. மென்பவளத்திலும் பில்லோடு வருவதை மட்டும் வாங்குவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் லைட் விஷயத்தில் நான் செய்த தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். வேறு தப்புகள் செய்யலாம், நிறைய இருக்கின்றன.

1. கண் கூசினால்தான் லைட்

மீனுக்கு வருவதற்கு முன்னால் நான் சீரியல் செட் எலெக்ட்ரீஷியன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பல்பு கட்டியிருக்கிறேன். என் முதலாளி முதல் நாளே சொன்னார்: “டேய், மாப்ள வூட்டுக்காரன் கண்ணு கூசணும். கூசலன்னா கல்யாணமே நடக்கலன்னு நெனச்சிக்குவான்.”

பன்னிரண்டு வருஷம் அப்படியே கட்டினேன். ஒரு மீன் கடையில் டியூப் லைட் சோக் மாற்றப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன், பிறகு சொந்தக் கடை. படித்துக் கற்றது எதுவும் இல்லை. வீடியோ பார்த்தது, கெடுத்தது, வாடிக்கையாளர் திட்டினது, இவைதான் என் சிலபஸ். ஆனால் முதலாளி சொன்ன அந்தக் கண் கூச்சம் மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை.

2. பதினொரு தங்க மீன்

வத்சலா மேடம் விலங்கியல் ஆசிரியை. ஓய்வு பெற்ற மறு வாரம் கணவரோடு கடைக்கு வந்தார்.

“எனக்குப் பவளம் வேணும். சின்னத் தொட்டி போதும். முப்பது வருஷமா போர்டுல படம் வரைஞ்சு பாகம் குறிச்சிருக்கேன். ஒரு தடவகூட உயிரோட பாத்ததில்ல.”

கணவர் சுந்தரம் சார் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்தவர். கடையில் இருந்த ஒவ்வொரு தொட்டியின் மூலையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“தம்பி, போன தொட்டியில பதினொரு கோல்டு ஃபிஷ். பதினொண்ணும் துளசித் தொட்டிக்குள்ள போயாச்சு. துளசி நல்லா வளந்துது, அதுல ஒண்ணும் கொறை இல்ல. ஆனா இந்தத் தடவ ஒரு உயிர் போனாலும் தொட்டியைத் திருப்பி எடுத்துக்கணும். வீட்டுல வெச்சுக்க மாட்டேன்.”

“சரிங்க சார்.”

“உங்ககிட்ட சொல்லல. அவகிட்ட சொல்றேன்.”

மேடம் தலையாட்டினார். வகுப்பில் பையன் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஆட்டினார். அந்த ஒப்பந்தத்துக்கு நான் சாட்சி.

3. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை

தொட்டி இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். முதல் தொட்டிக்குச் சரியான அளவு. அதில் என்ன வைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் லைட் பார்க்க வேண்டும். நாங்கள் எடுத்தது இரண்டு மஷ்ரூம், ஒரு லெதர், பட்டன் மாதிரி விரிகிற ஜோவா ஒரு கொத்து. எல்லாமே கொஞ்ச வெளிச்சத்தில் வாழக்கூடியவை. மஷ்ரூம் நிழலையே விரும்பும்.

பவளத்துக்கு எதற்கு லைட் என்பதை எனக்கே புரிகிற மாதிரிச் சொன்னவர் மேடம்தான்.

“பவளத்தோட உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்துல சமைச்சு, வாடகையா வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுக்குது. அந்த நிறத்துல பெரும் பங்கு பாசியோடது. வெளிச்சம் அளவுக்கு மீறினா வீட்டுக்காரரே குடித்தனத்த வெளிய தள்ளிடுவார். அப்புறம் வீடும் வெள்ளை, வயிறும் காலி.”

தாம்பரத்தில் வீடு மாறி மாறிக் குடியிருந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தப் பாசிக்கு முக்கியமாக வேண்டியது நீல வெளிச்சம். வெள்ளை பெரும்பாலும் நம் கண்ணுக்காக. அதனால் நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற எல்.இ.டி. வாங்க வேண்டும். டைமர் வேண்டும். உப்புத் தெறித்தால் துருப்பிடிக்காத கிளாம்ப் வேண்டும். வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. தொட்டியின் நீளத்தையும் ஆழத்தையும் பார்த்து வாங்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

தெரிந்தும் மூன்றடித் தொட்டிக்கான லைட்டை எடுத்துக் கொடுத்தேன். நம் ஊரில் வளர்கிற பிள்ளைக்கு யூனிஃபார்ம் ஒரு சைஸ் பெரிதாக எடுப்போம். இன்வெர்ட்டரும் அப்படித்தான், குக்கரும் அப்படித்தான். நாளைக்கு மேடம் பெரிய தொட்டி வைத்தால் உதவும் என்று நினைத்தேன். கடையில் போட்டுக் காட்டியபோது கண்ணும் கூசியது. எனக்குத் திருப்தி.

“இது கொஞ்சம் ஜாஸ்தி இல்லையா?” என்று மேடம் கேட்டார்.

“கம்மியா வெச்சிக்கலாம்மா. போன் ஆப்புல எல்லாம் கன்ட்ரோல் இருக்கு.”

நீலம் முப்பது சதவீதம், வெள்ளை ஐந்து. பகல் பன்னிரண்டு முதல் ராத்திரி எட்டு வரை. மேடத்தின் போன் பழசு, அதில் ஆப் ஏறவில்லை. சார் போனில் ஏற்றினேன். சார் அதை வாங்கி, “எனக்கு எதுக்கு இது?” என்று கேட்டுவிட்டு பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஜோவா இரண்டு புதுப் பட்டன் போட்டது. மேடம் அதைப் படம் வரைந்து, பாகம் குறித்து, வாட்ஸப்பில் எனக்கு அனுப்பினார்.

4. ஐந்தாம் நாள்

நான் போனபோது ஹாலில் ஏழு படி கொலு. கீழ்ப்படிக்குப் பக்கத்திலேயே தொட்டி. கொலுவுக்குப் பார்க் கட்டுவார்களே, மணல் கொட்டி, கடுகு முளைக்கவைத்து? இந்த வருஷம் தொட்டிதான் பார்க். உள்ளே பட்டப் பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம். மணல் துகளை எண்ணலாம்.

ஒரு மஷ்ரூம் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கொழகொழப்பு. இன்னொன்று சுருங்கி வெள்ளையாக இருந்தது, ஆனால் விரலால் தண்ணீரை அசைத்தால் அசைந்தது. லெதர் சாய்ந்து கிடந்தது. அது மேல்தோலைக் கழற்றுகிறபோதும் செத்த மாதிரித்தான் நடிக்கும், அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜோவா கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

“லைட்ட யாரு மாத்தினது?”

மேடத்துக்குத் தெரியவில்லை. “சாயங்காலம் ஆனா நான் தாம்பூலத் தட்டோடதான் உக்காந்திருக்கேன். கொஞ்சம் பளிச்சுன்னு இருக்குதேன்னு தோணுச்சு. கொலு லைட்டுன்னு நெனச்சேன்.”

வீட்டு வேலைக்கு வருகிற கஸ்தூரி அக்கா சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“நான் சொல்றேன் கேளுப்பா. மொத நாளு வந்தவங்களுக்கு யம்மா குங்குமம் குடுத்துச்சு. இந்த நீல லைட்டுல பாத்தா கரி மாரி கீது. மூணாவது மாடி அம்மா கையே நீட்டல. ‘இன்னாங்க, திருஷ்டி மையா?’ன்னு கேட்டுச்சு. யம்மா மூஞ்சி தொங்கிப்போச்சு. சாருக்கு அது தாங்கல. போன எடுத்தாரு, ஒரே இழுப்பு. பளபளன்னு ஆய்டுச்சு. குங்குமம் செவப்பா ஆய்டுச்சு.”

நீல வெளிச்சத்தில் சிவப்பு கருப்பாகத்தான் தெரியும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொட்டியில் ஒரு பொருளும் சிவப்பாக இல்லாததால் யோசிக்கவில்லை.

“அப்பறம் யாரு வந்தாலும் சார்தான் தொட்டிகிட்ட நின்னுகினு இருந்தாரு. ‘இது என் மிஸஸ் வளக்கறது, உயிருள்ள பவளம்’னு சொல்லிகினே இருந்தாரு. நாப்பது பேருக்காவது சொல்லியிருப்பாரு. எனக்கே ரெண்டு வாட்டி சொன்னாரு.”

அந்த ஆப்பில் ஒருமுறை கையால் மாற்றிவிட்டால் டைமர் ஒதுங்கிக்கொள்ளும். காலையில் கொலு விளக்கோடு ஒரே சுவிட்சில் எரிய ஆரம்பித்தது, விருந்தாளி கடைசி ஆள் போகும்வரை எரிந்திருக்கிறது. நாலு நாள், நூறு சதவீதம், அதுவும் மூன்றடி லைட்.

5. பரீட்சை ஹால்

மேடம் குளியலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நான் குரலைக் குறைத்தேன். “மேடம், கடையில இதே கலர்ல ஒரு மஷ்ரூம் இருக்கு. பத்து நிமிஷத்துல கொண்டாந்து அதே எடத்துல வெச்சிடறேன். சாருக்குத் தெரியாது.”

தொழிலில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் நானே ஒரே மீனை மூன்று தடவை உயிர்ப்பித்திருக்கிறேன்.

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மனசுக்குள் அந்தப் பத்து நிமிஷத்தை அளந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. தொட்டியை ஒரு தடவை பார்த்தார்.

“முப்பது வருஷம் பரீட்சை ஹால்ல நடந்திருக்கேன் முரளி. எத்தன பிட்ட பிடுங்கியிருப்பேன். இப்ப நானே வெக்கறதா?”

சார் துண்டோடு வெளியே வந்தார். மேடம் சுற்றி வளைக்கவில்லை.

“ஒண்ணு செத்துப் போச்சு. நீங்க சொன்னதுதான். முரளி எடுத்துட்டுப் போகட்டும். கொலு முடியறவரைக்கும்கூட வேண்டாம்.”

சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் சுண்டல் பாத்திரத்தைப் போய் மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

சார் தொட்டியருகே வந்து குனிந்தார். கொழகொழப்பைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் கெட்டுப்போன பொருளைப் பார்த்தவர் பார்க்கிற விதம் வேறு.

“காரணம் என்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி அக்கா தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். “நீங்கதான் சார்.”

சார் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

“பாதிதான் சார்,” என்றேன். “மீதி நான். இந்தத் தொட்டிக்கு இவ்ளோ பெரிய லைட்ட நான் கொடுத்திருக்கக் கூடாது. சரியான லைட்டா இருந்தா நீங்க ஃபுல்லா வெச்சிருந்தாலும் இவ்ளோ சீக்கிரம் உயிர் போயிருக்காது.”

சார் போனை எடுத்தார். ஆப்பைத் திறந்து அந்த நூறைப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார்.

“ஃபாக்டரியில மெஷின் தப்பா ஓடினா மெஷினத் தூக்கிப் போட மாட்டோம். ஆபரேட்டர மாத்துவோம். இத என் போன்லேருந்து எடுத்துடுங்க.”

“அப்ப தொட்டி சார்?”

“அதான் சொல்றேன்ல? ஆபரேட்டரத்தான் மாத்தணும்.” பிறகு மேடம் இருந்த திசையில் பார்க்காமல், “அவளுக்குப் புது போன் வாங்கணும். என்ன போன்ல அந்த ஆப் ஏறும்னு எழுதிக் கொடுங்க,” என்றார்.

மேடம் சுண்டல் பாத்திரத்தைத் திறந்து ஒரு கிண்ணத்தில் போட்டு எனக்குக் கொடுத்தார். மணி ஒன்பதரைகூட ஆகவில்லை, சாமிக்கு இன்னும் படைக்கவில்லை. சாப்பிட்டேன்.

6. கொசுவலை

கரைந்ததை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்தேன், விட்டால் மற்றதையும் கெடுக்கும். பாதித் தண்ணீர் மாற்றினேன். அன்றைக்கே கடையிலிருந்து இரண்டடி லைட் கொண்டுவந்து மாட்டி, பெரிய லைட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். சின்ன லைட் மேலும் நம்பிக்கை இல்லாமல் ஜன்னல் கொசுவலையில் நாலு மடிப்பு வெட்டித் தொட்டி மேல் போட்டு, வாரத்துக்கு ஒரு மடிப்பாக எடுக்கச் சொன்னேன். குங்குமத் தட்டை ஹாலின் மறுபக்கம், டியூப் லைட்டுக்கு அடியில் வைத்தோம். நீலம் ஹாலுக்குள் சிந்தாமல் தொட்டியின் மேல்விளிம்பைச் சுற்றிக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினோம். கஸ்தூரி அக்கா பார்த்துவிட்டு, “இத மொத நாளே ஒட்டியிருக்கலாமே,” என்றார். ஒட்டியிருக்கலாம்.

லெதர் ஒரு வாரத்தில் தோலைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தது. வெள்ளை மஷ்ரூமுக்கு நிறம் திரும்ப மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் சார் தினமும் காலையில் அதன் முன்னால் நின்று, ஒன்றையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார் என்று மேடம் சொன்னார்.

அதிலிருந்து லைட் கேட்டு வருகிறவர்களிடம் தொட்டி அளவும் பவளத்தின் பெயரும் கேட்டதோடு நான் நிறுத்துவதில்லை. தொட்டி எந்த அறையில் இருக்கும், அங்கே யார் உட்காருவார்கள், விருந்தாளி எத்தனை மணிக்கு வருவார்கள், வீட்டில் யார் பெருமைக்காரர், எல்லாம் கேட்கிறேன். பெண் பார்க்க வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். பிறகு, அந்த வீட்டில் யார் கையால் நூறுக்கு இழுத்தாலும் ஒரு உயிரும் போகாத லைட்டாகப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆசையாகக் காட்டுகிற கையைத் தடுக்க முடியாது. லைட்டைச் சின்னதாக வாங்கலாம்.